கூட்டிப் பெருக்கிய இடம்

இந்த இடத்தில் பிரச்சனை ஏதும் உண்டா என்று கேட்டீர்கள். சொல்கிறேன் சார். ஆனால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இதில் முக்கியமான பாகம் நான் கண்ணால் பார்த்தது இல்லை. அன்றைக்கு நான் இங்கே இல்லை. ஜீப் ஓட்டிவந்த ஜலால் அண்ணன் பாதி சொன்னார், இந்த ஊர் லூர்து அக்கா மீதியைச் சொன்னார். இரண்டு பேர் சொன்னதும் எங்கே ஒத்துப்போகிறதோ அதைத்தான் சொல்லப்போகிறேன். ஒத்துப்போகாத இடம் வந்தால் அதையும் மறைக்க மாட்டேன்.

பேப்பரில் பிரச்சனை இல்லை. இதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், பின்னால் நீங்கள் என்னைக் குறை சொல்லக்கூடாது. வில்லங்கம் இல்லை, வழக்கு இல்லை, வரி பாக்கி இல்லை. எல்லைக்கல் எல்லாம் காட்டிவிட்டேன். இங்கே இருந்த ஐஸ் பேக்டரியை எங்கள் அரசு மீன்வளக் கழகம் மூடி, கட்டடத்தை இடித்து வெகுகாலம் ஆகிறது. மீனவர்களுக்கு ஐஸ் செய்து கொடுக்கிற வேலையையே கழகம் விட்டுவிட்டது. அதனால் இடம் வேண்டாம். வேண்டாத இடத்தை விற்கலாம். பேப்பர் இவ்வளவுதான்.

வாடை வருகிறதே என்றீர்கள். அது இங்கிருந்து இல்லை சார். குனிந்து இந்த மண்ணை முகர்ந்து பார்த்தாலும் வராது. அந்தத் தார்ரோட்டிலிருந்து வருகிறது. ரோட்டோரம் வெள்ளையாக விரித்திருக்கிறதே, அது நெத்திலி. இவ்வளவு பெரிய இடம் பக்கத்தில் சும்மா கிடக்கும்போது ஏன் ரோட்டில் போய்க் காயப்போடுகிறார்கள் என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்கமாட்டீர்களா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். பரவாயில்லை, அதற்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

இப்படி நிழலுக்கு வாருங்கள்.

நான் கழகத்தின் நிலப் பிரிவில் ஒப்பந்த உதவியாளர். படித்தது புவியியல். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் ஆபீஸ் என்றால் என்ன, அங்கே எப்படிப் பேச வேண்டும், எதைப் பேசக்கூடாது என்று சொல்லித்தர ஆள் கிடையாது என்பதற்காகச் சொல்கிறேன். எல்லாம் நானாகப் பார்த்துப் பார்த்துப் பழகியது. அதனால் கொஞ்சம் கூடுதலாகவே ஜாக்கிரதையாக இருப்பேன்.

கடற்கரை நெடுக கழகத்துக்கு இருக்கிற இடங்களை எல்லாம் வகை பிரிக்கிற வேலைக்குத்தான் எங்களை எடுத்தார்கள். வகை மூன்று சார். தேவை நிலம் என்றால் கழகமே வைத்துக்கொள்ளும். அடுத்தது, பயன்பாட்டில் உள்ள உபரி. அதாவது கழகத்துக்கு வேண்டாம், ஆனால் ஊர்க்காரர்கள் எதற்கோ உபயோகித்துக்கொண்டிருக்கிறார்கள். அதை நேராக விற்க முடியாது. கலெக்டர் குழுவுக்குப் போகும். உபயோகிக்கிறவர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேட்பார்கள். பல இடங்களைப் பஞ்சாயத்துக்கே குத்தகைக்குக் கொடுத்திருக்கிறார்கள். கடைசி வகை, பயன்பாடற்ற உபரி. யாருக்கும் வேண்டாத இடம். அது யாரையும் கேட்காமல் நேராக இணைய ஏலத்துக்கு வரும். உங்களைப் போன்றவர்கள் கார் எடுத்துக்கொண்டு பார்க்க வருவீர்கள்.

எந்த வகை என்று எப்படி முடிவு செய்வார்கள் என்கிறீர்களா? அலுவலர் ஒருவர் நேரில் வந்து பார்ப்பார். பார்க்கும்போது என்ன இருக்கிறதோ அதை எழுதுவார், போட்டோ எடுப்பார். அவ்வளவுதான். அவர் என்றைக்கு வருகிறாரோ அன்றைக்கு இருப்பதுதான் இடம்.

எங்கள் நில அலுவலர் தணிகாசலம் சார். நல்ல மனிதர். இதை நான் மனதாரச் சொல்கிறேன். லஞ்சம் கிடையாது, கத்தமாட்டார், மழை என்றாலும் வெயில் என்றாலும் இடத்தை நேரில் பார்க்காமல் ஒரு வரி எழுதமாட்டார். வழக்கமாக அவரோடு உதவியாளர் ஒருவரும் போக வேண்டும், டேப் பிடிக்க, படம் ஏற்ற. இந்த ஊர்ப் பெயர் வந்தபோது என் முறை. நான் அவர் அறைக்குப் போய், "அந்த ஊர்ல எனக்குச் சொந்தக்காரங்க இருக்காங்க சார். நான் வந்தா முறையா இருக்காது. வேற யாரையாவது கூட்டிட்டுப் போங்க" என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். "சொந்த பந்தம் இருக்குற ஊருன்னா அவனவன் மொத ஆளா ஜீப்புல ஏறி உக்காருவான். நீ எறங்கிக்கிறேங்குற. உன்ன மாதிரி நாலு பேர் இருந்தா போதும்மா" என்றார். வெளியே வந்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "ஜெசிந்தாவப் பாத்துக் கத்துக்கங்கப்பா" என்றும் சொன்னார். ஜெராக்ஸ் எடுக்க மட்டுமே என் பெயரைக் கூப்பிட்டுப் பழகிய ஆபீஸ் அது. எனக்கு அன்று முழுக்கச் சந்தோஷமாக இருந்தது. சொந்தக்காரர்கள் என்று சொன்னேனே தவிர யார் என்று சொல்லவில்லை. அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

அன்று சாயங்காலம் அம்மாவுக்கு போன் செய்தேன். ஆமாம் சார், எங்கம்மாவுக்கு. அதோ ரோட்டோரம் பச்சைப் புடவை, தலையில் துண்டு, கம்பை ஆட்டிக் காக்காய் விரட்டுகிறாளே, அவள்தான். பிரகாசியம்மாள். பக்கத்தில் குத்தவைத்து நெத்திலியைக் கிளறிவிடுவது லூர்து அக்கா. நானாகச் சொல்லியிருக்க வேண்டும். இடம் காட்ட வந்த நேரத்தில் எல்லைக்கல், சர்வே எண் என்று பேச்சு போய்விட்டது.

இந்த ஐஸ் பேக்டரி இடத்தில்தான் சார் அவர்கள் கருவாடு போட்டுக்கொண்டிருந்தார்கள். பேக்டரி மூடி முள் மண்டிக் கிடந்ததை அவர்களே வெட்டி, பழைய வலையை விரித்து, நடுவில் ஓலைச் சாய்ப்பு ஒன்று போட்டு. நான் பிறப்பதற்கு முன்பிருந்தே. படகு வந்ததும் மீனை ஏலம் எடுப்பார்கள், இங்கே கொண்டுவந்து உப்புத் தொட்டியில் போடுவார்கள், காயவைப்பார்கள், யாவாரி வந்து எடுத்துப்போவான். அந்தச் சாய்ப்புக்குள் உட்கார்ந்துதான் பத்தாம் வகுப்புக்குப் படித்தேன். என் கல்லூரிக் கட்டணம் இந்த மணலில் காய்ந்து வந்ததுதான்.

போனில் நான் சொன்னது இதுதான். ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை.

"செவ்வாக்கெழம எங்க ஆபீசர் வாராரும்மா. ஐஸ் பேக்டரி எடத்தப் பாக்க."

"நம்ம எடத்தயா? எதுக்குட்டி?"

"பாக்கத்தான். கொஞ்சம் சுத்தமா வச்சிக்கிடுங்க."

"நீயும் வாரியா?"

"இல்லம்மா, எனக்கு ஆபீஸ்ல வேல கெடக்கு."

அவ்வளவுதான். சுத்தமாக வைத்துக்கொள்ளுங்கள் என்றால் சுத்தமாக வைத்துக்கொள்ளுங்கள் என்றுதான் அர்த்தம். எடுத்துவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. எதற்காகப் பார்க்க வருகிறார் என்பதை ஏன் சொல்லவில்லை என்றால், ஆய்வு முடிவதற்கு முன் வெளியே சொல்லக்கூடாது. சுத்தமாக வைக்கச் சொன்னது ஏன் என்றால், ஒரு அதிகாரி வருகிறார், யாராக இருந்தாலும் சொல்வதுதானே. ஒருநாள் மதியம் ஆபீஸில் நான் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தபோது தணிகாசலம் சார் அந்தப் பக்கமாகப் போனார். "யாரும்மா அது, கடலையே கொண்டாந்துட்டது?" என்றார். கேலிதான், கெட்ட எண்ணம் கிடையாது. எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். மறுநாளிலிருந்து தயிர்சாதம் கொண்டுபோனேன். அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. சம்பந்தம் இருப்பதாக யாரும் நினைத்துவிடக்கூடாது என்றுதான் சொல்கிறேன்.

இனி வருவது நான் கேட்டது.

அம்மா போனை வைத்ததும் பெண்களை எல்லாம் கூப்பிட்டிருக்கிறாள். சிமெண்டுத் தளமும் மேலே கூரையும் போட்டுத் தரச்சொல்லி இவர்கள் பல வருஷமாக மனு கொடுத்துக்கொண்டிருப்பவர்கள். போன கலெக்டர், அதற்கு முந்தின கலெக்டர், எல்லோரிடமும் கொடுத்திருக்கிறார்கள். "எம் பிள்ள ஆபீஸ்லருந்தே வாராவ. தளம் போடத்தான் இருக்கும்" என்றாளாம் அம்மா.

"ஒம் மவ வாயத் தொறந்து அப்பிடிச் சொன்னாளா?" என்று லூர்து அக்கா கேட்டிருக்கிறார்.

"எப்பிடிச் சொல்லுவா? கவுருமெண்டு வேல. சொல்லக்கூடாதுல்லா. சுத்தமா வைக்கச் சொன்னா, அதுல வெளங்கலையா ஒனக்கு?"

திங்கட்கிழமை மதியமே ஆரம்பித்துவிட்டார்கள். பாதி காய்ந்த நெத்திலி. பாதியில் அள்ளினால் வீணாகும் என்று அவர்களுக்கா தெரியாது? அள்ளினார்கள். கோயில் பின்புறம் கொண்டுபோய்க் குவித்தார்கள். வலையைச் சுருட்டினார்கள். ஓலைச் சாய்ப்பு பழசாகி அசிங்கமாக இருக்கிறது என்று பிரித்துப் போட்டார்கள். உப்புத் தொட்டியை மண் தள்ளி மூடினார்கள். நாற்றம் போகவேண்டும் என்று பஞ்சாயத்து கிளார்க்கிடம் பிளீச்சிங் பவுடர் வாங்கித் தூவினார்கள். மறுநாள் காலையில் கூட்டிப் பெருக்கி, குடம் குடமாகத் தண்ணீர் தெளித்தார்கள். "மாதா சப்பரத்துக்குக்கூட நாங்க இப்பிடித் தெளிச்சதில்லட்டி" என்றார் லூர்து அக்கா என்னிடம்.

ஜீப் வந்தது. தணிகாசலம் சார் இறங்கி நின்று பார்த்தார். "பரவால்லையே ஜலால், நம்ம ஆபீஸவிட சுத்தமா இருக்கே" என்றார். இதை இரண்டு பேரும் சொன்னார்கள். பெண்கள் எல்லோரும் குளித்து, கோயிலுக்குக் கட்டுகிற புடவை கட்டி ஓரமாக நின்றிருக்கிறார்கள். ஜலால் அண்ணன் சொல்வது ரோட்டோரம், லூர்து அக்கா சொல்வது இதே மரத்தடி.

சார் அவர்களிடம் போய் முறையாகக் கேட்டார். கேட்காமல் எழுதுகிறவர் இல்லை. "இந்த எடத்துல யாராவது ஏதாவது தொழில் பண்றீங்களாம்மா?"

அம்மாதான் முன்னால் வந்திருக்கிறாள். "அய்யய்யோ, ஒண்ணும் பண்ணல சார். யாரும் உள்ள எறங்குறதே கெடையாது. நாங்கதான் கூட்டிப் பெருக்கி வச்சிருக்கோம்."

இங்கேதான் இரண்டு பேர் சொல்வதும் ஒத்துப்போகவில்லை. "ஆபீசர்னதும் பயந்துட்டாங்கம்மா. தொழில் பண்றியான்னு கேட்டா ஃபைன் போடப்போறாங்கன்னுதான எவனும் நெனப்பான்" என்றார் ஜலால் அண்ணன். லூர்து அக்கா அப்படிச் சொல்லவில்லை. "பயமாவது மண்ணாவது. எந்த ஆபீசர நாங்க பாக்கல? கவுருமெண்டு எடத்துல மீனு காயப்போட்டோம்னு சொன்னா ஒனக்குக் கெட்ட பேரு வந்துருமேன்னு பாத்தா ஒங்கம்மா" என்றார். எது சரி என்று நான் அம்மாவிடம் கேட்கவில்லை.

அடுத்ததில் இரண்டு பேருக்கும் வித்தியாசம் இல்லை. சார் கிளம்பும்போது ஞாபகம் வந்தவர் போலத் திரும்பி, "எங்க ஆபீஸ்ல ஒரு பொண்ணு, ஜெசிந்தான்னு. அவங்க சொந்தக்காரங்க இந்த ஊருன்னு சொல்லுச்சு. யாரும்மா, உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டிருக்கிறார். நல்லபடியாகத்தான் கேட்டிருப்பார், என்னைப் பற்றி இரண்டு வார்த்தை நல்லதாகச் சொல்ல.

அம்மா, "அப்பிடி யாரும் எங்களுக்குத் தெரியாது சார்" என்றாளாம்.

நான் அப்படிச் சொல்லச் சொல்லவில்லை. சத்தியமாகச் சொல்லவில்லை சார். அவளாக நினைத்துக்கொண்டது.

பிறகு போட்டோ எடுத்தார். பெண்கள் படத்தில் விழக்கூடாது என்று அம்மாதான் எல்லோரையும் பின்னால் இழுத்தாளாம். "நம்ம மூஞ்சிய ஆபீஸ்ல கொண்டுபோய் எதுக்கு?" என்று.

புதன்கிழமை அந்தப் படங்கள் என் மேஜைக்கு வந்தன. கணினியில் ஏற்றுவது நான்தான். முதல் படத்தைப் பார்த்ததும் வேறு ஊர்ப் படம் கலந்துவிட்டது என்று நினைத்தேன். பிறகு இந்த மரத்தைப் பார்த்தேன். வெறும் மண், அதன்மேல் துடைப்பக் கோடு. கீழே தணிகாசலம் சார் எழுதியிருந்தார்: காலி இடம், ஆக்கிரமிப்பு இல்லை, பொதுமக்களை விசாரித்ததில் யாரும் உபயோகிப்பதில்லை எனத் தெரிவித்தனர். பயன்பாடற்ற உபரி.

எழுந்து அவர் அறை வாசல் வரைக்கும் போனேன். போனில் பேசிக்கொண்டிருந்தார். கையால் என்ன என்று கேட்டார். ஒன்றுமில்லை என்று தலையாட்டிவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன். எனக்கு என்ன தோன்றியது என்றால், நான்தான் முறையாக இருக்காது என்று விலகிக்கொண்டேனே. விலகிய பிறகு உள்ளே போய் இது தப்பு, மாற்றுங்கள் என்றால் அது நேர்மையா? என் சொந்தக்காரர்களுக்காக நான் பேசுவதாகத்தானே ஆகும்? காலையில் பாராட்டியவரிடம் மாலையில் போய் அப்படி நிற்க முடியுமா? காலையில் என்று ஒரு பேச்சுக்குச் சொல்கிறேன். பாராட்டியது முந்தின வாரம்.

அவர் எழுதியிருந்ததை அப்படியே ஏற்றினேன். என் கையிலிருந்து ஒரு எழுத்தும் சேர்க்கவில்லை.

அதற்குப் பிறகு அம்மா போன் செய்யும்போதெல்லாம் அதையே கேட்பாள். "தளம் போட எஞ்சினியர் எப்பட்டி வாராவ?"

"ஃபைல் போயிருக்கும்மா" என்பேன். அது பொய் இல்லை சார். ஃபைல் போய்த்தான் இருந்தது.

"ஒங்க ஆபீசர் நல்ல மனுசன். சுத்தமா இருக்குன்னு ரெண்டு மட்டம் சொன்னாரு தெரியுமா?"

"தெரியும்மா."

"அதான் நாங்க திரும்ப ஒண்ணும் போடல. எஞ்சினியர் திடீர்னு வந்து நின்னா, எடம் அசிங்கமா கெடந்தா, ஒனக்குத்தான தலகுனிவு."

அப்போதாவது சொல்லியிருக்கலாம் என்று நீங்கள் நினைப்பீர்கள். நானும் நினைத்தேன். அம்மா, தளம் இல்லை, விற்கப்போகிறார்கள் என்று சொல்ல எத்தனையோ தடவை போனை எடுத்தேன். ஆபீஸ் ரகசியத்தை வெளியே சொன்னால் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கமாட்டார்கள். வீட்டில் மாதச் சம்பளம் என்று ஒன்று வருவது என்னால்தான். ஆனால் ஏல அறிவிப்பு இணையத்தில் வந்த பிறகு அதில் ரகசியம் ஏது? மதுரையிலிருந்து நீங்கள் பார்த்தீர்களே. இந்த ஊரில் அதைப் பார்க்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். அறிவிப்பு வந்த பிறகும் நான் ஃபைல் போயிருக்கிறது என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். இது மட்டும் ஏன் என்று எனக்கே சொல்லத் தெரியவில்லை.

அன்றையிலிருந்து ரோட்டில்தான் காயப்போடுகிறார்கள். தார்ச் சூட்டில் அடிப்பக்கம் கருகிப்போகிறது. வண்டி போனால் ஏறிவிடுகிறது. போன மாதம் ஐஸ் லோடு வண்டி ஒன்று இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஏறிப்போனது. லூர்து அக்கா துடைப்பத்தைத் தூக்கிக்கொண்டு ஓடி, "ஒன் அப்பன் வீட்டு ரோடா ல இது?" என்று கேட்க, அந்த டிரைவர் நிறுத்தி, "அப்ப ஒன் அப்பன் வீட்டுக் களமாக்கா?" என்று கேட்டிருக்கிறான். அவன் கேட்டதும் சரிதானே. யாவாரி ஒரு பிடி அள்ளி உதறிப் பார்த்துவிட்டு, கல்லும் மண்ணுமாக இருக்கிறது, கோழித் தீவனத்துக்குத்தான் ஆகும் என்கிறான். இரண்டு பெண்கள் தொழிலை விட்டுவிட்டு இறால் கம்பெனிக்குத் தோல் உரிக்கப் போய்விட்டார்கள். பக்கத்தில் இடம் சும்மா கிடக்கிறது. தினமும் காலையில் முறைவைத்துப் பெருக்குகிறார்கள். நீங்கள் வந்ததும் உங்கள் டிரைவர், எவ்வளவு சுத்தமா இருக்கு சார் என்றாரே, எனக்கு அப்படியே...

வருகிறார்கள் சார். தட்டு எடுத்துக்கொண்டு வருகிறார்கள். ஒரு உதவி. உங்களை எஞ்சினியர் என்று கூப்பிடுவார்கள். நீங்கள் இல்லை என்று சொல்லலாம், அது உங்கள் இஷ்டம். சிரிக்க மட்டும் வேண்டாம்.

"வணக்கம் சார். வெயில்ல வந்துருக்கியளே. இத குடிங்க, கலருதான், கட பாட்டில்தான்."

"வேண்டாம்னு சொல்லாதிய எஞ்சினியர் சார். நாங்க கைய சோப்புப் போட்டுத்தான் கழுவிட்டு வந்தோம். வாட அடிக்காது."

"மேடம், நீங்களும் எடுத்துக்கிடுங்க."

"மேடத்துக்கு ரொம்பக் கூலிங்கா குடுக்காத பிரகாசி. தொண்ட கட்டிக்கிட்டா பெறவு வாயத் தொறந்து ஒண்ணும் சொல்ல முடியாம போயிரும்."

"சும்மா கெட லூர்து. அவ அப்பிடித்தான் சார், எப்பவும் வெளையாட்டு. தளம் ரொம்பப் பெருசா வேண்டாம் சார். இந்தா, இதுலருந்து அந்த மேடு வரைக்கும் போட்டா எங்களுக்குத் தாராளம். கூர மட்டும் கொஞ்சம் ஒசரமா வச்சிருங்க. காத்து வேணும்லா. நாங்க வேற எதுவும் கேக்கமாட்டோம். எப்ப சார் வேல ஆரம்பிப்பிய?"

...

போய்விட்டார்கள். பார்த்துச் சொல்கிறேன்மா என்றீர்கள். நன்றி சார். நீங்கள் பாட்டிலைக் கையிலேயே வைத்திருக்கிறீர்கள். கொடுங்கள், நான் வாங்கிக்கொள்கிறேன்.

மேடம் என்றது அம்மாதான். ஆபீஸ்காரர்கள் யாராவது கூட இருந்தால் அப்படித்தான் கூப்பிடுகிறாள். நான் கூப்பிடச் சொன்னது கிடையாது. கூப்பிடாதே என்று சொன்னதும் கிடையாது. என் பக்கத்தில் வந்து நின்றாளே, என் கை மேல் அவள் கை பட்டுவிடக்கூடாது என்று தட்டை இந்தப் பக்கம் மாற்றிப் பிடித்துக்கொண்டாள், கவனித்தீர்களா?

ஒன்று கேட்கலாமா சார்? வாங்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை. ஏலத்துக்கு முன்னால் ஆட்சேபணைக் காலம் என்று ஒன்று உண்டு. இந்த இடம் மக்கள் பயன்பாட்டில் இருந்தது, ஆய்வு நாளில் மட்டும்தான் காலியாக இருந்தது என்று யாராவது எழுதிக்கொடுத்தால் ஏலத்தை நிறுத்தி மறுபடி வந்து பார்த்தாக வேண்டும். மறுபடி பார்த்தால், கேட்கவேண்டியவர்களை உட்காரவைத்துக் கேட்டால், வகை மாறிவிடும். குழுவுக்குப் போகும். நீங்கள் எழுதினால் மதிப்பு இருக்கும். வெளியூர்க்காரர், வாங்க வந்தவர், உங்களுக்கு இதில் ஆதாயம் இல்லை. வாங்கிய பிறகு ஊரோடு தகராறு வந்தால் உங்களுக்கும் தலைவலிதானே. இரண்டு வரி போதும். என்ன எழுதவேண்டும் என்று நானே சொல்லித்தருகிறேன்.

என்ன சார்?

அம்மா எழுதலாம்தான். ஆனால் இது விற்பனைக்கு வந்திருக்கிறது என்று அவளிடம் முதலில் சொல்ல வேண்டுமே.

நானா? நான் எழுதக்கூடாது சார். நான் ஊழியர். ஊழியரே கழகத்துக்கு எதிராக எழுத முடியுமா? அதோடு எனக்கு இங்கே சம்பந்தம் இருக்கிறது, அதனால்தான் ஆரம்பத்திலேயே விலகினேன். விதி அப்படித்தான் இருக்கும்.

இல்லை. பார்த்தது இல்லை. இருக்கும் என்றுதான் நினைத்தேன்.

சரி சார். சரி. நீங்கள் கிளம்புங்கள், மதுரை போய்ச்சேர இருட்டிவிடும். நம்பர் கொடுத்திருக்கிறீர்களே, போதும். பார்த்துவிட்டு மெசேஜ் அனுப்புகிறேன்.

*

வணக்கம் சார். ஜெசிந்தா. ஐஸ் பேக்டரி இடம் காட்டியவள். விதியைப் பார்த்தாயா என்று கேட்டீர்கள். பஸ் ஸ்டாப்பில் நின்று கைபேசியில் எங்கள் கையேட்டைத் திறந்து பார்த்தேன். தப்பாகப் படித்துவிடக்கூடாது என்று மறுபடியும் படித்தேன். சொந்த ஊர், சொந்தக்காரர்கள் என்ற காரணத்தால் ஆய்விலிருந்து விலக வேண்டும் என்று எங்கேயும் இல்லை. அந்த நிலத்தை வாங்க நினைக்கிறவர்கள்தான் விலக வேண்டும். ஆட்சேபணை யார் வேண்டுமானாலும் கொடுக்கலாம். கழக ஊழியரும் கொடுக்கலாம், ஒப்பந்த ஊழியர் என்றே போட்டிருக்கிறது. கடைசி நாள் வெள்ளிக்கிழமை. ஊழியர் கொடுப்பதாக இருந்தால் கூடுதலாக ஒன்று மட்டும் கேட்கிறார்கள் சார். அந்த இடத்தை உபயோகிக்கிறவர்கள் தனக்கு என்ன உறவு என்று எழுத வேண்டும்.